பழைய மாருதி 800-க்கு ஹெட் கேஸ்கட்: வீட்டிலா, ஒர்க்‌ஷாப்பிலா?

எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அது போய்விட்ட பழைய காருக்குப் பெங்களூரில் நான்கு வழிகள் சொல்லப்படுகின்றன. ரேடியேட்டரில் அடைப்புத் திரவத்தை ஊற்றுவது, சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய உதிரிபாகச் சந்தையில்) பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றுவது, வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவது, வீட்டிலேயே ஹெட்டைக் கழற்றி லேத் வேலைக்கு (இயந்திரத்தில் பரப்பைச் சமமாக்கும் வேலைக்கு) மட்டும் வெளியே அனுப்புவது. அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் நான் கடைசி வழியைத்தான் எடுத்தேன். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது பெங்களூர் உட்பட 13 நகரங்களில் மாருதி 800 விற்பனை நின்றது. ஆகவே இந்த ஊரில் பதிவான வண்டிகள் அநேகமாக எல்லாமே 15 ஆண்டைத் தொட்டவை அல்லது தாண்டியவை. தகுதிச் சோதனையில் தேறினால் பதிவை 5 ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதால், நல்ல நிலையில் இருக்கும் வண்டியைக் காப்பாற்ற இங்கே காரணம் இருக்கிறது. ஆனால் அதன் மறுவிற்பனை மதிப்பு மிகக் குறைவு. ஒரு முறை போடும் கேஸ்கட் பல ஆண்டு நிற்க வேண்டும். இரண்டாவது முறை அதே வேலைக்குச் செலவழிக்க நேர்ந்தால், அந்தச் செலவை நியாயப்படுத்தும் அளவுக்கு வண்டி விலை பெறாது.

முதலில் நோயை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணிறப் பிசின் படிந்திருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. குளிர்ந்த காலைகளில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில், ஈரம் படிந்தே அப்படித் தோன்றும். கூலன்ட் வெளியே எங்கும் சொட்டாமல் குறைந்துகொண்டே வருவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் மேல் ஹோஸ் இறுகிவிடுவது, ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் எழுவது, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) ஒன்றாகக் குறைந்திருப்பது ஆகியவையே நம்பத்தக்க அடையாளங்கள்.

அடைப்புத் திரவத்தை நான் பயன்படுத்தியதில்லை, எனவே அது எத்தனை நாள் தாங்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. ஆனால் கசிவை அடைக்கும் அதே பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கக்கூடும் என்பதால், வைத்துக்கொள்ள நினைக்கும் வண்டியில் அதை ஊற்ற எனக்கு மனம் வராது. குஜ்ரி எஞ்சினும் எளிய வழியல்ல. எஞ்சின் எண் மாறுவதால் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்தம் செய்துகொள்ள வேண்டும். அதோடு, வாங்கி வரும் எஞ்சினின் ஹெட் எவ்வளவு சூட்டைக் கண்டது என்பதும் யாருக்கும் தெரியாது. பிளாக்கிலேயே விரிசல் இருந்தாலன்றி அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

உண்மையான போட்டி ஒர்க்‌ஷாப்புக்கும் வீட்டுக்கும்தான். ஒர்க்‌ஷாப்பில் வேலை விரைவாக முடியும். வால்வுகளின் இயக்கத்தை எஞ்சின் சுழற்சியோடு இணைக்கும் டைமிங் பெல்ட்டைக் கோர்ப்பதிலும், துருப்பிடித்த எக்ஸாஸ்ட் நட்டுகளை முறிக்காமல் எடுப்பதிலும் நெடுநாள் பழகிய கைக்கு ஈடில்லை. கூலி மிச்சமாகும் என்ற கணக்கையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேஸ்கட் செட்டும் லேத் வேலையும் எப்படிச் செய்தாலும் கொடுக்க வேண்டிய செலவுகள். வீட்டில் செய்தால் கருவிகள் வாங்க வேண்டியிருப்பதால், முதல் தடவையில் மிச்சம் அதிகம் இராது. என்னை வீட்டுப் பக்கம் திருப்பியது ஒரே ஒரு விஷயம்: கேஸ்கட் உட்காரும் இரண்டு பரப்புகளையும் யார் அளக்கிறார்கள் என்பது.

இந்த எஞ்சினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். வண்டி அளவுக்கு மீறிச் சூடாகும்போது, போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்கும் ஹெட் விரிய இடமின்றி வளைகிறது, குளிர்ந்த பின்னும் அந்த வளைவு ஓரளவு தங்கிவிடுகிறது. சுசுகியின் இவ்வகைச் சிறிய எஞ்சின்களில் ஹெட் பரப்புக்கு அனுமதிக்கப்பட்ட வளைவு 0.05 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. நேர்த்தியான எஃகு நேர்விளிம்பை ஹெட்டின் மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளை) நுழைத்து, நான்கு ஓரங்களிலும் இரண்டு மூலைவிட்டங்களிலும் பார்த்தால்தான் தெரியும்.

முடிவெடுக்கும் முன் இதைப் பற்றி ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். “அதெல்லாம் லேத்துல பார்த்துக்குவாங்க சார்” என்றார்கள். லேத் பட்டறையில் கேட்டபோது, “ஃபேசிங் போடச் சொன்னா போட்டுக் கொடுப்போம் சார், அளவு மெக்கானிக்தான் சொல்லணும்” என்று பதில் வந்தது. பரப்பை மெல்லச் சீவிச் சமமாக்குவதுதான் ஃபேசிங். இருவரும் பொய் சொல்லவில்லை, அவரவர் வேலையைத்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டு பதிலையும் சேர்த்துப் பார்த்தால், அளப்பது என்ற வேலை எவர் பொறுப்பிலும் இல்லை என்பது விளங்கியது. அதைவிட முக்கியமாக, லேத்துக்குப் போவது ஹெட் மட்டுமே. பிளாக்கின் மேற்பரப்பு காரிலேயே இருக்கிறது. போல்ட் துளைகளைச் சுற்றி அது மேலெழுந்திருக்கிறதா, சிலிண்டர்களுக்கு இடையே அரித்திருக்கிறதா என்பதை, வண்டியருகே நிற்பவர் பார்க்காவிட்டால் ஒருவருமே பார்ப்பதில்லை. எல்லா ஒர்க்‌ஷாப்பும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அளந்து, அந்த எண்ணை எழுதிக் காட்டும் மெக்கானிக் உங்களுக்குக் கிடைத்தால், இந்தக் கட்டுரையின் பாதி வாதம் விழுந்துவிடும், அவரிடமே வண்டியைக் கொடுத்துவிடலாம்.

பரப்பைச் சுத்தம் செய்வதிலும் இதே வேறுபாடு இருக்கிறது. பழைய கேஸ்கட் பிளாக்கோடு ஒட்டிக் காய்ந்திருக்கும். அவசரத்தில் இருக்கும் கடைகளில் எமரித் தாளாலோ சுழலும் தேய்ப்புத் தட்டாலோ சில நிமிடங்களில் தேய்த்துவிடுகிறார்கள். அலுமினியத்தில் அது பள்ளம் உண்டாக்கும், உதிரும் துகள் ஆயில் வழிகளில் இறங்கி பேரிங்குகளைத் தின்னும். ஆயில் வழிகளையும் சிலிண்டர்களையும் துணியால் அடைத்துவிட்டு, ரசாயனத்தால் ஊற வைத்து, பிளாக்கைக் கூரான தகட்டாலும் ஹெட்டை மரத்துண்டாலும் பொறுமையாகச் சுரண்டுவதே சரியான முறை. அதற்கு அரை நாள் ஆகும். ஒர்க்‌ஷாப்பில் அந்த அரை நாளுக்கு வாடகையும் கூலியும் உண்டு, வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். போல்ட் துளைகளையும் இதே கவனத்தோடு உலர்த்த வேண்டும். அடியில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால், போல்ட்டை இறுக்கும்போது அழுத்தம் ஏறி பிளாக்கே விரிசல் விடக்கூடும். அப்படி ஆகாவிட்டாலும், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்யாகிவிடும்.

ஹெட்டைக் கழற்றுவதும் பூட்டுவதும் சொல்லப்படும் அளவுக்கு அச்சமூட்டும் வேலையல்ல. மூன்று சிலிண்டர் ஹெட்டை ஒருவரே தூக்கிவிடலாம். எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த பின்னரே போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். பூட்டும்போது நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பல கட்டங்களாக, மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றும் முன்பே டைமிங் குறிகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. பெல்ட்டைக் கழற்றிய பிறகு பழையதையே மாட்டுவது வீண் சிக்கனம், புதிதாகவே போட்டுவிட வேண்டும்.

லேத் பட்டறைக்கு ஹெட்டை ஆட்டோவில் கொண்டுபோனேன். அங்கே மூன்று வேலைகளைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்: விரிசல் உண்டா என்று அழுத்தச் சோதனை, தேவையான அளவுக்கு மட்டும் ஃபேசிங், வால்வுகளைத் தேய்த்து அமர்த்துவது. ஃபேசிங்கில் எவ்வளவு குறைவாக எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. எடுக்க எடுக்கக் கம்ப்ரஷன் கூடும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்கை நெருங்கி வருவதால் வால்வ் டைமிங்கும் (வால்வுகள் திறந்து மூடும் நேரமும்) சற்றுப் பின்தங்கும். அதோடு, ஹெட் வளைந்திருந்தால் அடிப்பரப்பு மட்டும் வளைவதில்லை, மேலே கேம் ஷாஃப்ட் உட்காரும் துளைகளும் சேர்ந்தே வளைந்திருக்கும். அடியை மட்டும் சமமாக்கினால் அந்தக் கோணல் அப்படியே நிற்கும். வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைக் கழற்றிவிட்டு, கேம் ஷாஃப்ட் கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்ப்பது இதற்கான எளிய சோதனை. ஹெட் திரும்பி வந்ததும் மறுபடி நேர்விளிம்பை வைத்துப் பார்த்த பிறகே பூட்ட வேண்டும். அதை நானே பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் இந்த வழியில் எனக்குக் கிடைத்த பெரிய பலன்.

வீட்டு வேலையின் தடைகளும் உண்மையானவை. அப்பார்ட்மென்டின் அடித்தளப் பார்க்கிங்கில் கூலன்டும் ஆயிலும் வடிய, வண்டியைப் பிரித்துப் போட எந்தச் சங்கமும் சம்மதிக்காது. கூரையில்லாத இடத்தில் மழைக்காலத்தில் திறந்த சிலிண்டர்களோடு வண்டியை நிறுத்துவது ஆபத்து. லேத் வேலை முடியும்வரை வண்டி ஓடாது என்பதால், வேறு வாகனமோ மெட்ரோ வசதியோ இல்லாதவர்களுக்கு ஒர்க்‌ஷாப்பே பொருந்தும். நம்பத்தக்க டார்க் ரெஞ்ச் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

எந்த வழியில் செய்தாலும், கேஸ்கட் போனதன் காரணத்தை விட்டுவைத்தால் அது மறுபடியும் போகும். 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் பெங்களூரில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடிப்பதால்தான் எஞ்சினுக்குள் அது கொதிக்காமல் இருக்கிறது. சுருள்வில் தளர்ந்த மூடியோடு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் கூலன்ட் கொதித்து வெளியேறும். இங்கே பல வீடுகளில் கிடைப்பது போர்வெல் தண்ணீர். அதன் உப்பு ரேடியேட்டரில் படிந்து வெப்பத்தைத் தடுக்கும், ஆகவே காய்ச்சி வடித்த நீரோடு கலந்த கூலன்டைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. மூடி, தெர்மோஸ்டாட், ஃபேன் ஸ்விட்ச் மூன்றையும் ஹெட் கழன்றிருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.

டீசல் வண்டிகளில் இந்த வேலையை நான் செய்ததில்லை. அவற்றில் பலவற்றுக்கு, பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீள்கிறது என்று அளந்து அதற்கேற்ற தடிமனில் கேஸ்கட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய பெட்ரோல் எஞ்சின்களில் உள்ள பல அடுக்கு எஃகு கேஸ்கட்டுகள் இன்னும் வழவழப்பான பரப்பைக் கேட்கும், கோணம் பார்த்து இறுக்கும் போல்ட்டுகளையும் பெரும்பாலும் புதிதாகவே போட வேண்டும். அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள், முன்பு சொன்னதுபோல் அளவை எழுதிக் காட்டும் மெக்கானிக்கைத் தேடிப் போவதே நல்லது.