எம்35ஏ2-வா, எம்939-ஆ? பிரேக்கிலிருந்து பார்க்கலாம்

எம்35ஏ2, எம்939 என்று அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட லாரி வாங்குபவர்கள் முதலில் இன்ஜினைத்தான் விசாரிப்பார்கள். நான் பிரேக்கைக் கேட்பேன்.

எம்35ஏ2-வில் காற்றின் உதவியோடு இயங்கும் ஹைட்ராலிக் (திரவ அழுத்த) பிரேக். மிதியை அழுத்தினால் பிரேக் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, திரவம் ஓடும் சர்க்யூட்டும் ஒன்றே. எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் மிதி தரையைத் தொடும். மொத்த பிரேக்கும் போச்சு. ஓட்டும் முன் ஒவ்வொரு ஹோஸையும் வளைத்துப் பாருங்கள். டயரின் உட்பக்கம் ஈரம் வழிந்திருந்தால் சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் கசிகிறது என்று அர்த்தம்.

எம்939-இல் முழுக் காற்று பிரேக். காற்று இறங்கினால் ஸ்பிரிங் தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். வண்டி நகராது, சரி, ஆனால் உருண்டு ஓடவும் செய்யாது. இன்ஜினை நிறுத்தினால் ‘உஸ்’ சத்தமே கசிவைக் காட்டிக்கொடுக்கும். சந்தேகமான இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரை வடிக்க மறந்தால் குளிரில் வால்வு உறையும். அந்த பிரேக் ஸ்பிரிங் அடைத்திருக்கும் ஸ்பிரிங் சேம்பரை மட்டும் பிரிக்கவே வேண்டாம். உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொன்றுவிடும்.

மின்சாரம் இரண்டிலும் 24 வோல்ட்தான். இன்ஜினில், எம்35ஏ2-வின் 7.8 லிட்டர் மல்டிஃபியூலைவிட (பல வகை எரிபொருளில் ஓடும் இன்ஜின்), தொடக்க எம்939-இன் 14 லிட்டர் கம்மின்ஸுக்குப் பாகங்கள் தேடுவது எளிது. சாதாரண லாரிகளிலும் அந்தக் குடும்ப இன்ஜின் ஓடியது.

நெடுஞ்சாலையில் ஓட்ட என்றால் நான் எம்939-ஐத்தான் எடுப்பேன்.