மேசை மேல் பவர்9: நாள்பட ஓட்டினால் தெரிய வருபவை

இன்டெல், ஏஎம்டி சில்லுகளின் எக்ஸ்86 கட்டமைப்பை விட்டு வெளியே வர நினைப்பவர்கள் இப்போது பெரும்பாலும் ஆர்ம் சில்லுகள் பக்கம் போகிறார்கள். ஐபிஎம்மின் பவர்9 சில்லில் ஓடும் ராப்டர் கம்ப்யூட்டிங் சிஸ்டம்ஸின் டாலோஸ் 2, பிளாக்பேர்ட் போர்டுகளைத் தேடிப் போகிறவர்கள் சிலர்தான். போவதற்கு ஒரே நல்ல காரணம் ஃபர்ம்வேர், அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள். வன்பொருளைத் தயார் செய்யும் ஹோஸ்ட்பூட், அடுத்து ஓடும் ஸ்கிபூட், இயங்குதளத்தை எழுப்பும் பெட்டிட்பூட், போர்டைக் கண்காணிக்கும் தனிச் சிறு கணினியான பிஎம்சியில் ஓடும் ஓபன்பிஎம்சி என எல்லாவற்றின் மூல நிரலும் கையில் கிடைக்கிறது. நாமே கம்பைல் செய்து ஏற்றலாம். வேகத்துக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். இது 2017-ல் வந்த வடிவமைப்பு, ஒற்றை த்ரெட் வேலையில் ஏஎம்டியின் இன்றைய நடுத்தர ரைசனே இதை முந்திவிடும்.

சில்லு 4, 8, 18, 22 கோர்களில் வருகிறது, கோருக்கு 4 த்ரெட். 4 கோர் 90 வாட், 8 கோர் 160 வாட். மெமரி டிடிஆர்4 ரெஜிஸ்டர்டு இசிசி (சர்வர்களில் போடும், பிழை திருத்தும் வகை) மட்டுமே. வழக்கமான டெஸ்க்டாப் மெமரியைச் செருகினால் எழாது. சில்லில் நான்கு மெமரி சேனல்கள் உண்டு, ஆனால் பிளாக்பேர்டில் இரண்டு ஸ்லாட்டுகள்தான். அதாவது பாதி அலைவரிசை எப்போதும் கிடைக்காது. பெரிய கம்பைல் வேலைக்கு இது பெரிதாகத் தெரியாது, மேட்ரிக்ஸ் கணக்கு போடுபவருக்கு உடனே தெரியும். எம்.2 ஸ்லாட்டும் இல்லை. வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி வேண்டுமென்றால் பிசிஐ அடாப்டர் போட வேண்டும். பிளாக்பேர்டில் பிசிஐ ஸ்லாட்டுகள் எக்ஸ்16 ஒன்று, எக்ஸ்8 ஒன்று, அவ்வளவே. கிராபிக்ஸ் கார்டும் என்விஎம்இயும் போட்டதும் கதை முடிந்தது. டாலோஸ் 2-ல் ஸ்லாட்டுகள் அதிகம். ஆனால் இரண்டாவது சில்லு இல்லாவிட்டால் அதைச் சார்ந்த ஸ்லாட்டுகள் வேலை செய்யாது.

கூலர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கடையில் கிடைக்கும் இன்டெல், ஏஎம்டி கூலர் எதுவும் இந்த சாக்கெட்டில் பொருந்தாது. குட்டையான 2யூ ஹீட்சிங்க் மேசைக்கு லாயக்கில்லாத இரைச்சல் போடும். கேஸில் உயரம் இருந்தால் 3யூ வாங்குங்கள்.

மின்சாரம் கொடுத்தவுடன் பவர் பட்டனை அழுத்தி ஒன்றும் நடக்கவில்லை என்று பதற வேண்டாம். முதலில் பிஎம்சி எழ வேண்டும், அதற்கே ஓரிரு நிமிடம் ஆகும். பிறகு ஹோஸ்ட்பூட் மெமரியின் நேரக்கணக்கைப் பொருத்தி (டிரெய்னிங்) முடிக்கும் வரை விசிறிகள் முழு வேகத்தில் கத்தும். தூங்க வைக்கும் வசதி (சஸ்பெண்ட்) இந்த போர்டுகளில் கிடையாது. ஆகவே இரவில் அணைப்பதா, ஓட விடுவதா என்பதை மின் கட்டணம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிஎம்சியின் ஆரம்பக் கடவுச்சொல் ஊரறிந்தது. நெட்வொர்க் கேபிளைச் செருகும் முன்பே மாற்றிவிடுவது நல்லது.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் கார்டு (guard) பதிவுகள், அதாவது பழுதென்று ஒதுக்கிய பாகங்களின் குறிப்புகள். பூட் ஆகும்போது ஒரு மெமரி ஸ்டிக்கோ கோரோ பழுது என்று ஹோஸ்ட்பூட் சந்தேகித்தால், அதை ஒதுக்கிவைத்து, ஃபர்ம்வேர் இருக்கும் ஃபிளாஷ் சில்லில் குறித்துக்கொள்ளும். ஸ்டிக்கைக் கழற்றித் துடைத்துச் சரியாகச் செருகிய பிறகும் அந்தக் குறிப்பு அழியாமல் இருந்து, மெமரி வரவே வராது. பலர் நல்ல ஸ்டிக்கை வாரண்டிக்கு அனுப்புவது இதனால்தான். பிஎம்சிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, பிஃப்ளாஷ் கருவியால் கார்டு (GUARD) பகுதியை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி எழுப்பினால் போதும். அந்த வேலைக்கு முன், அதே கருவியால் முழு ஃபிளாஷையும் ஒரு கோப்பாகப் படித்து வேறு கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிட்பூட் என்பது ஃபிளாஷிலேயே இருக்கும் சின்ன லினக்ஸ். வழக்கமான லினக்ஸ் பூட்லோடரான குரப்பை அது ஓட்டுவதில்லை. குரப்பின் அமைப்புக் கோப்பைப் படித்து, கெர்னலை எடுத்து, கேஎக்ஸெக் (ஓடும் கெர்னலிலிருந்தே இன்னொன்றுக்கு மாறும் முறை) மூலம் தாவுகிறது. விளைவு என்னவென்றால், ஃபிளாஷில் இருக்கும் கெர்னல் பழையதாக இருந்து, புது டிஸ்ட்ரோ உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் பகுதியில் புதிய அம்சங்கள் இருந்தால், வட்டு கண்ணுக்கே தெரியாது. பூட் பகுதியைத் தனியாகப் பிரித்து எளிய எக்ஸ்ட்4-ல் வைத்தால் இந்த வம்பு இல்லை. ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டில் பெட்டிட்பூட் மெனு தெரிய வேண்டுமென்றால் கார்டின் ஃபர்ம்வேர் கோப்புகளை ஃபிளாஷில் அதற்கென்றுள்ள பகுதியில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மெனு போர்டின் சொந்த விஜிஏவில் மட்டும் வரும், லினக்ஸ் எழுந்த பிறகுதான் கார்டு உயிர் பெறும்.

அன்றாடம் தொல்லை தருவது பேஜ் அளவு, அதாவது கெர்னல் மெமரியைப் பிரித்துக் கையாளும் துண்டின் அளவு. ஃபெடோரா போன்றவை 64கே பேஜ் கெர்னலோடு வருகின்றன, எக்ஸ்86 உலகம் முழுக்க 4கே. பெரிய டேட்டாபேஸுக்கு 64கே நல்லது, டிஎல்பி (மெமரி முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் சிறு கேஷ்) தவறுவது குறையும். மேசையிலோ வினோதமான இடங்களில் கடிக்கிறது. 4கே அளவுக்குக் கட்டிய ஜெமல்லாக் (மெமரி ஒதுக்கும் லைப்ரரி) உள்ள நிரல், பேஜ் அளவு ஒத்துவரவில்லை என்று சொல்லி எழும்போதே செத்துப்போகும். பேஜ் அளவின் மடக்கையை (அடி 2) 16 என்று கொடுத்துக் கட்டினால் இரண்டிலும் ஓடும். 64கே கெர்னலில் பழைய கருவியால் உருவாக்கிய பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை வட்டைக் கழற்றி 4கே கணினியில் மாட்டினால் திறக்காது. ஸ்வாப் பகுதியும் அப்படியே. கெமு எமுலேட்டரின் யூசர் மோடில் எக்ஸ்86 நிரலை ஓட்டும்போதும் இந்த வேறுபாடு குறுக்கே வரும். மேசைக்கு 4கே கெர்னலையே எங்கள் பரிந்துரையாகச் சொல்வோம், சொந்தமாகக் கட்ட வேண்டி வந்தாலும்.

மென்பொருளில் ஜிசிசி, கோ, ரஸ்ட், போஸ்ட்கிரெஸ் எல்லாம் குறை சொல்ல முடியாதவை. உலாவியில்தான் இடறும். ஃபயர்ஃபாக்ஸில் பவருக்கு அதிகாரபூர்வமான ஜாவாஸ்கிரிப்ட் ஜிட் (ஓடும்போதே இயந்திர நிரலாக மாற்றும் கம்பைலர்) இல்லை, அதனால் கனமான இணையச் செயலிகள் ஊர்கின்றன. குரோமியத்தின் வி8 எஞ்சினில் பவருக்கான ஜிட் உண்டு, ஆனால் உலாவியைக் கட்டத் தனி பேட்ச்கள் வேண்டும். காணொளிப் பூட்டைத் திறக்கும் வைட்வைன் கிடையாது, அதை நம்பியிருக்கும் கட்டண ஓடிடி தளங்களை இந்த மேசையில் மறந்துவிடுங்கள். டாக்கர் இமேஜ்கள் பலவும் எக்ஸ்86, ஆர்ம் இரண்டுக்கு மட்டுமே வருகின்றன. பைத்தான் தொகுப்புகளில் பாதியாவது மூலத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தே நேரம் ஒதுக்குங்கள். எக்ஸ்86-இன் எஸ்எஸ்இ வெக்டர் கட்டளைகளை நம்பி எழுதிய நிரலுக்கு ஜிசிசியே பவரின் விஎஸ்எக்ஸுக்கு மாற்றும் ஹெடர் கோப்புகளைத் தருகிறது, அதற்கான எச்சரிக்கையை அடக்கும் மேக்ரோவை மட்டும் வரையறுத்தால் பல நிரல்கள் அப்படியே கம்பைல் ஆகின்றன. எக்ஸ்86-இன் அடுத்த தலைமுறை ஏவிஎக்ஸ்2-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம், எக்ஸ்86 இல்லாமல் இருந்தால் போதும் என்பவருக்கு ஆம்பியர் ஆல்ட்ரா என்ற ஆர்ம் சில்லு. நியோவர்ஸ் என்1 கோர்கள், 80 வரை. மேக்ஸ் வகையில் 128. வழக்கமான பிசிக்களில் உள்ள யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரே இருப்பதால் ஆர்ம்64 டிஸ்ட்ரோவை பென்டிரைவில் போட்டு நேராக நிறுவலாம், உலாவியில் ஜிட்டும் உண்டு. ஏஎம்டி கிராபிக்ஸுக்கு கெர்னல் பேட்ச் தேடி அலைய வேண்டியிருக்கும். என்விடியா டிரைவர் ஆர்முக்கு அதிகாரபூர்வமாகவே கிடைக்கிறது. திறந்த கட்டமைப்பான ரிஸ்க்-5 பக்கம் 64 கோர் எஸ்ஜி2042 சில்லு வைத்த மில்க்-வி பயனியர் கவர்ச்சியாகத் தெரியும். அதிலிருப்பது வெக்டர் கட்டளைத் தொகுப்பின் வரைவுப் பதிப்பான 0.7.1, நிலைப்படுத்தப்பட்ட 1.0-வோடு ஒத்துப்போகாது. உபுண்டு 25.10 முதல் ஆர்விஏ23 என்ற புதிய ரிஸ்க்-5 தரநிலையைக் கேட்பதால் புது வெளியீடுகளும் அதில் ஏறாது.

பவர்9-க்குப் பின் பவர்10 மேசைக்கு வரவில்லை. அதன் மெமரி இணைப்புக்கு மூடிய ஃபர்ம்வேர் தேவைப்பட்டதால் ராப்டர் ஒதுங்கிக்கொண்டது. எனவே பழைய சில்லு தேடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்த போர்டுகளில் உட்காருவது 50 மி.மீ. சதுரமுள்ள ஸ்ஃபோர்சா வகை மட்டுமே. ஐபிஎம்மின் ஏசி922 சர்வரிலிருந்து கழற்றி விற்கும் மோன்சா சில்லுகள் அளவில் பெரியவை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த சாக்கெட்டில் ஏறாது.