ஸ்னூக்கரா, பூலா: திறமை சமமில்லாத இருவருக்கு எது ஒத்துவரும்?

போட்டிக்கெல்லாம் போகும் எண்ணம் இல்லை, வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் ஆடினால் போதும் என்பவர்களுக்குப் பெரும்பாலும் பூல்தான் சிபாரிசு ஆகும். இரண்டுமே குச்சியால் பந்தைத் தட்டி மேசைக் குழியில் போடும் ஆட்டங்கள். நானும் என் நண்பரும் இரண்டையும் மாற்றி மாற்றி ஆடிவிட்டு ஸ்னூக்கர் பக்கம் வந்து சேர்ந்தவர்கள். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். பூல் மேசை 7 அடியிலிருந்து 9 அடி வரை, ஸ்னூக்கர் மேசை 12 அடி. பூல் பந்து 57 மில்லிமீட்டர், மூலைக் குழியின் வாய் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர்தான். ஆனால் குழியின் ஓரங்கள் வளைந்திருக்கும், கொஞ்சம் விலகினாலும் பந்து வாசலில் நின்று ஆட்டம் காட்டிவிட்டு வெளியே வந்துவிடும். முதல் நாள் சந்தோஷம் பூலில்தான் அதிகம். சரி, அதற்கு அப்புறம்?

சும்மா பொழுதுபோக்காக ஆடுபவர்கள் ஊரில் உள்ள எல்லோருடனும் ஆடுவதில்லை. ஒரே நண்பர், ஒரே மைத்துனர், மிஞ்சினால் இன்னும் ஒருவர். அந்த இருவரில் ஒருவர் கை எப்போதும் கொஞ்சம் ஓங்கியிருக்கும். தோற்பவர் தோற்றுக்கொண்டே இருந்தால் சில மாதங்களில் அவருக்கு "இந்த வாரம் வேலை இருக்கு" வந்துவிடும். ஆட்டம் நிற்பது பெரும்பாலும் இப்படித்தான், சலிப்பினால் அல்ல. இந்த ஏற்றத்தாழ்வை எந்த ஆட்டம் தாங்குகிறது என்பதுதான் என் பார்வையில் முக்கியமான கேள்வி.

பூலின் ஒரு வகையான எய்ட் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். தன் பங்குப் பந்துகளை எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் எட்டாம் பந்தைப் போடுபவர் வெற்றி. பரவலாக ஆடப்படும் விதிப்படி நீங்கள் ஃபவுல் செய்தால், எதிராளி வெள்ளைப் பந்தை (குச்சியால் அடிக்கும் பந்து) கையில் எடுத்து மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். அதிகம் ஃபவுல் செய்வது யார்? கை பழகாதவர். அவர் செய்யும் ஒவ்வொரு தவறும் ஏற்கெனவே நன்றாக ஆடுபவருக்கு இன்னொரு சலுகை. போதாததற்கு, தன் பந்துகள் முடியும் முன்பே கறுப்பு எட்டாம் பந்து தவறிக் குழியில் விழுந்தால் ஆட்டமே போச்சு. அவ்வளவு நேரம் போராடியதற்குக் கணக்கில் எதுவும் நிற்காது.

ஸ்னூக்கரில் ஃபவுலுக்குத் தண்டனை 4 முதல் 7 புள்ளி. வெள்ளைப் பந்து குழியில் விழுந்தால் ஒழிய, அது நின்ற இடத்திலேயே நிற்கும். நன்றாக ஆடுபவர் ஃபவுல் செய்து, பந்துகள் மோசமாகக் கிடந்தால், "நீங்களே மறுபடி ஆடுங்கள்" என்று அவரிடமே தள்ளிவிடலாம். பந்தைக் குழியில் போடத் தெரியாதவர்கூட வெள்ளையை மெதுவாகத் தட்டி பழுப்புப் பந்தின் பின்னால் ஒளித்து வைத்துவிட்டால், அடிக்க வேண்டிய பந்தைத் தொட முடியாமல் எதிராளி திணறுவதை உட்கார்ந்து ரசிக்கலாம். அந்த ஃபவுலில் வரும் 4 புள்ளிக்கு ஒரு தனி ருசி உண்டு.

எல்லாவற்றையும்விட, புள்ளிக் கணக்கு இருப்பதால் முன்கூட்டியே ஸ்டார்ட் கொடுத்து ஆடலாம். நாங்கள் செய்வது இதுதான்: கை தேறாதவர் 21 புள்ளியோடு தொடங்குவார். தோற்றால் அடுத்த ஃபிரேமில் (ஸ்னூக்கரில் ஒரு ஆட்டம்) 7 கூடும், ஜெயித்தால் 7 குறையும். ஸ்னூக்கரில் கறுப்புப் பந்தைப் போட்டால் 7 புள்ளி என்பதால் மறக்காது. கொஞ்ச நாளில் அந்த எண் ஓர் இடத்தில் வந்து நிற்கும், அங்கிருந்து எல்லா ஆட்டமும் கடைசி கலர் பந்துகள் வரை இழுபறிதான். பூலிலும் ஒருவர் ஐந்து ஆட்டம், மற்றவர் மூன்று ஆட்டம் ஜெயித்தால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு தனி ஆட்டத்துக்குள் அது எதையும் மாற்றுவதில்லை. ஒன்பதாம் பந்தைப் போடுபவர் ஜெயிக்கும் நைன் பால் என்ற பூல் வகையில், பலவீனமானவருக்கு எட்டாம் பந்தைப் போட்டாலும் வெற்றி என்று விட்டுக்கொடுக்கும் முறை உண்டு. நைன் பால் நான் கொஞ்சமே ஆடியிருக்கிறேன், அதை ஊறிப்போய் ஆடியவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

ஸ்னூக்கருக்கு எதிராக உண்மையான வாதம் ஒன்று உண்டு, அது நேரம். 1997 உலகச் சாம்பியன்ஷிப்பில் ஸ்னூக்கர் வீரர் ரானி ஓசல்லிவன், விடாமல் ஒரே முறையில் எடுக்கும் அதிகபட்சமான 147 புள்ளியையும் ஐந்து நிமிடச் சொச்சத்தில் எடுத்து முடித்தார். நம்மைப் போன்றவர்கள் கையில் ஒரு ஃபிரேம் முக்கால் மணி நேரம் தாண்டும். இதற்கு வழி, 15 சிவப்புப் பந்துகளுக்குப் பதில் ஆறு சிவப்பு வைத்து ஆடுவது. இப்படி ஆடும் சர்வதேசப் போட்டிகளே நடந்திருக்கின்றன, ஏதோ குழந்தை ஆட்டம் என்று நினைக்க வேண்டாம். இதில் அதிகபட்ச பிரேக் (விடாமல் ஒரே முறையில் எடுக்கும் புள்ளி) 75 என்பதால் ஸ்டார்ட்டையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மேசையின் நிலை. ஸ்னூக்கர் துணியில் மெல்லிய ரோமம் ஒரே திசையில் படிந்திருக்கும். அந்தத் திசையிலேயே துலக்கி, இஸ்திரி போட வேண்டும். பராமரிக்காத மேசையில் மெதுவாகப் போகும் பந்து கடைசி ஓரடியில் தன் இஷ்டத்துக்கு வளையும். பூல் துணியில் இந்த ரோமம் கிடையாது, மேசையும் சின்னது, அதனால் சுமாரான மேசையிலும் ஒப்பேற்றிவிடலாம். ஆடத் தொடங்கும் முன் வெள்ளைப் பந்தை மெதுவாகக் குறுக்கே உருட்டிப் பாருங்கள். அது நிற்கப்போகும் நேரத்தில் ஒரு பக்கம் ஒதுங்கினால் அங்கே பூலே ஆடலாம். நான்கு பேராகப் போனாலும் பூல்தான், ஸ்னூக்கரில் உங்கள் முறை வருவதற்குள் தூக்கம் வந்துவிடும்.