வீட்டு நீச்சல் குளத்துக்கு அக்கம்பக்கத்தாரிடம் காசு வாங்கலாமா? டல்லாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

டல்லாஸைச் சுற்றி ஃப்ரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று நம் ஆட்கள் வீடு வாங்கும் ஊர்களில், பின்பக்கம் பூல் இருக்கும் வீடாக அமைந்துவிட்டால் மே மாதம் பிறந்ததுமே இந்தக் கேள்வி வந்துவிடும். ஜூலையில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது தெருப் பிள்ளைகளின் கண்ணெல்லாம் நம் வேலி மேல்தான் இருக்கும். வராதே என்று சொல்ல மனசு வராது, வந்தால் வேலையும் செலவும் பயமும் கூடும். "ஒரு தொகை வாங்கிக்கோங்களேன், அவங்களுக்கும் கூச்சம் இல்லாம இருக்கும்" என்று யாராவது ஒருவர் யோசனை சொல்வார். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடம் காசு வாங்காதீர்கள், ஆனால் வாசலை எந்நேரமும் திறந்தும் போடாதீர்கள். காசுக்குத்தான் விட வேண்டும் என்றால் தெரியாதவர்களுக்கு, முறைப்படி, அதற்கான இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு விடுங்கள். பாதி நட்பு பாதி வாடகை என்று நடுவில் நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

முதலில் செலவு

காசு வாங்கச் சொல்பவர்கள் எல்லாரும் முதலில் சொல்லும் காரணம் பராமரிப்புச் செலவு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15,000 கேலன், அதாவது சுமார் 57,000 லிட்டர் பிடிக்கும் ஒரு சாதாரணக் குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் பம்ப் ஓடியாக வேண்டும், டெக்சஸ் வெயிலில் தண்ணீர் ஆவியாகும், அந்த வெயிலே குளோரினையும் தின்றுவிடும், பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை பிளாஸ்டர் மாற்ற வேண்டும். இதெல்லாம் குளம் வைத்திருப்பதற்கான செலவு, பக்கத்து வீட்டுப் பையன் குதித்ததால் வருவதில்லை.

அவன் குதித்ததால் கூடுவது எவ்வளவு? 12.5 சதவீத திரவ குளோரின் ஒரு கேலன் ஊற்றினால் இந்தக் குளத்தில் குளோரின் அளவு சுமார் 8 பிபிஎம் (தண்ணீரில் பத்து லட்சத்துக்கு எட்டுப் பங்கு) ஏறும். ஒரு பட்டாளமே வந்து ஆடி, வியர்வையும் சன்ஸ்கிரீனும் சேர்ந்து 2 பிபிஎம் இறங்கிவிட்டது என்றாலும் ஒரு லிட்டருக்குள் ஊற்றிச் சரிசெய்துவிடலாம். இரண்டு டாலர், மிஞ்சிப்போனால் மூன்று. 2020-ல் லாரா புயலுக்குப் பிறகு லூசியானாவில் ஒரு பெரிய குளோரின் மாத்திரைத் தொழிற்சாலை எரிந்து, அடுத்த கோடையில் மாத்திரை விலை எகிறியதே, அந்த மாதிரி சமயத்தில்கூட ஒரு மாலை நேரக் கூட்டத்தின் கூடுதல் செலவு ஒரு பீட்சா விலையைத் தொடாது.

உண்மையான தொந்தரவு வேறு. தலை நிறையத் தேங்காயெண்ணெயோடு பிள்ளைகள் இறங்கினால் தண்ணீர் மட்டத்து டைலில் பிசுக்குக் கட்டும், ஃபில்டர் கார்ட்ரிட்ஜ் அடைத்துக்கொள்ளும், அதைக் கழற்றிக் கழுவுவது ஒரு மணி நேர வேலை. ஈரக்காலோடு பாத்ரூமுக்கு ஓடி வீடு முழுக்கத் தண்ணீராகும். எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்று தெரியாமல் நம் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இதில் எதையும் தலைக்கு ஐந்து டாலர் சரிசெய்யாது. குளித்துவிட்டு இறங்கு என்ற ஒரு விதியும், எட்டு மணிக்கு முடியும் என்ற ஒரு நேரமும் சரிசெய்யும்.

காசு கை மாறினால் சட்டத்தில் என்ன மாறுகிறது

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. டெக்சஸில் நம் வீட்டுக்கு நட்பாக வரும் விருந்தாளிக்கும், இருவருக்கும் ஆதாயம் தரும் காரியமாக வருபவருக்கும் சட்டம் வேறு வேறு கடமை வைத்திருக்கிறது. விருந்தாளி என்றால், நமக்குத் தெரிந்த, அவர் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தைச் சொல்லி எச்சரிக்க வேண்டும் அல்லது அதைச் சரிசெய்ய வேண்டும். காசு கொடுத்து வருபவர் என்றால், நமக்குத் தெரியாத ஆபத்தையும் நியாயமான கவனத்தோடு தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டியது நம் பொறுப்பு. ஏணியின் போல்ட் தளர்ந்திருப்பது எனக்குத் தெரியாது என்று அப்போது சுலபமாகச் சொல்ல முடியாது.

அடுத்தது இன்சூரன்ஸ். சாதாரண ஹோம்ஓனர்ஸ் பாலிசி, அதாவது வீட்டு இன்சூரன்ஸ், நட்பாக வந்த விருந்தாளிக்கு அடிபட்டால் கைகொடுக்கும் வகையில் எழுதப்பட்டது. பெரும்பாலான பாலிசிகளில் வீட்டில் நடக்கும் வியாபாரத்தைத் தனியாக விலக்கி வைத்திருப்பார்கள், எது வியாபாரம் என்பதற்கு ஒவ்வொரு பாலிசியிலும் ஒரு விளக்கம் இருக்கும். மாதாமாதம் நான்கு குடும்பத்திடமிருந்து ஆன்லைனில் வாங்கிய தொகை, "பூல் மே மாதம்" என்று அவர்கள் அன்போடு எழுதிய குறிப்போடு, ஒரு விபத்துக்குப் பிறகு யார் கண்ணில் எப்படிப் படும் என்று நினைத்துப் பாருங்கள். கட்டணம் வைப்பதற்கு முன்னால் ஏஜெண்டிடம் கேளுங்கள். ஃபோனில் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அப்படியே ஹெச்ஓஏ (குடியிருப்பின் வீட்டுக்காரர்கள் சங்கம்) விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள், வீட்டில் வியாபாரம் கூடாது என்ற வரி பல குடியிருப்புகளில் இருக்கிறது. வாங்கிய காசு வருமானம் என்பதால் வரிக்கணக்கிலும் காட்ட வேண்டும்.

"கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன், எது நடந்தாலும் எனக்குப் பொறுப்பு இல்லை என்று" எனச் சொல்பவர்கள் உண்டு. பெரியவர்கள் விஷயத்தில் ஓரளவு பயன்படலாம். குழந்தைக்கு வரும் நஷ்ட ஈட்டு உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்று ஹூஸ்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1993-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நம் குளத்துக்கு வரப்போவது பெரும்பாலும் குழந்தைகள்தானே.

காசு கொடுத்தவர் எங்கே பார்ப்பார்

சட்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் இது. அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணமே நீரில் மூழ்குவதுதான். சத்தம் கேட்காது, கை ஆட்டிக் கூப்பிடுவது எல்லாம் சினிமாவில்தான். ஒரு நிமிஷம், ஒரு ஃபோன் அழைப்பு, அவ்வளவு நேரம் போதும். ஆகவே ஒரு வீட்டுக் குளத்தில் கிடைக்கும் ஒரே நம்பகமான பாதுகாப்பு, பெற்ற தாயோ தகப்பனோ தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது.

இலவசமாக வரும்போது அவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள். அடுத்தவர் வீடு, நம் பிள்ளை, நாம்தான் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் தானாக இருக்கும். காசு கொடுத்த பிறகு அந்த எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு, 2000-ல் வெளியானது, இதற்கு நெருங்கி வருகிறது. பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஒரு சிறு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள், மாறாக ஏறக்குறைய இரண்டு மடங்கானது. டீச்சருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமே என்ற கூச்சம் போய், காசு கட்டுகிறோம், இருக்கட்டும் என்றாகிவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. குளத்தில் இதே மாற்றம் நடந்தால் விளைவு தாமதத்தோடு நிற்காது. இறக்கிவிட்டுக் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பார்கள், காசு வாங்கிய நாமோ லைஃப்கார்ட் பயிற்சி இல்லாத லைஃப்கார்டாக நிற்போம்.

சரி, இப்போது வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எப்போது வேண்டுமானாலும் வாங்க, இலவசம்: மனசுக்கு இனிய வழி, பாதுகாப்புக்கு மோசமான வழி. நாம் வீட்டில் இல்லாதபோது பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு இறங்கும் உரிமையை யாருக்கும் தரக்கூடாது, அது எவ்வளவு நெருங்கிய குடும்பமாக இருந்தாலும். நான்கடி உயர வேலி, தானாக மூடித் தாழ் விழும் கதவு என்று கட்டட விதிகள் கேட்பது இதற்காகத்தான். கதவுக்கு அடியில் செங்கல் வைத்துத் திறந்து போடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஆளுக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு: பக்கத்து வீட்டோடு இதைச் செய்தால் மேலே சொன்ன அத்தனை பாரமும் வரும், கைக்குக் கிடைப்பதோ சில்லறை. இன்னொன்றும் இருக்கிறது. வேலை போய், ஹெச்1பி விசாவுக்கு 60 நாளுக்குள் வேறு வேலை தேடிக்கொண்டிருக்கும் குடும்பம் நம் தெருவிலேயே இருக்கும், வெளியே சொல்லாது. முதலில் வராமல் போவது அவர்கள் பிள்ளைகள்தான்.

சீசனுக்கு ஒரு பங்கு, எல்லாரும் சேர்ந்து போட்டுக்கொள்வது: இது நியாயமாகத் தோன்றும், நல்லவர்கள் எல்லாரும் இதில்தான் வந்து நிற்பார்கள். நான் அதிகம் தயங்குவதும் இதில்தான். பங்கு போட்டவருக்கு உரிமையும் வந்துவிடும். அவர் மச்சினர் குடும்பம் ஹூஸ்டனிலிருந்து வந்தால் அவர்களும் வருவார்கள், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆகஸ்டில் பம்ப் பழுதாகி இரண்டு வாரம் குளம் மூடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவதா? அவர் கேட்க மாட்டார், நமக்குத்தான் உறுத்தும். நண்பர்களாக இருந்தவர்கள் சந்தாதாரர்களாகவும் நாம் நிர்வாகியாகவும் ஆகிவிடுவோம், அதுவும் வியாபாரத்துக்கான இன்சூரன்ஸ் இல்லாத நிர்வாகி.

ஒரு விஷயத்தில் இந்த வழியின் பக்கம் நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. சும்மா வந்து அனுபவிக்க மானம் இடங்கொடுக்காத ஆட்கள் உண்டு, ஒருமுறை வந்துவிட்டு அப்புறம் வரவே மாட்டார்கள். அவர்களுக்குக் கொடுக்க ஏதாவது இடம் வேண்டும். வரும்போது ஒரு கேலன் குளோரின் வாங்கி வாருங்கள், இலை அள்ளும் வலையை இன்று நீங்கள் பிடியுங்கள், சாயங்காலம் பசங்களுக்குச் சுண்டல் உங்கள் வீட்டிலிருந்து என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். பொருளும் உழைப்பும் வாங்குங்கள், தொகை வேண்டாம். இதற்குக் கணக்கு நோட்டு வைக்காத வரைக்கும் அது விருந்தோம்பலாகவே இருக்கும்.

தெரியாதவர்களுக்கு மணிக் கணக்கில் வாடகை: ஸ்விம்ப்ளி மாதிரியான ஆப்கள் இதற்காகவே இருக்கின்றன. தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை நமக்குத் தருகின்றன. நிஜமாகவே பணம் வேண்டும், குளம் வாரம் முழுக்கச் சும்மா கிடக்கிறது என்றால் இது நேர்மையான வழி, வருபவருக்கும் நமக்கும் இது வியாபாரம் என்று தெளிவாகத் தெரியும். ஆனால் ஆப் தரும் பாதுகாப்பை மட்டும் நம்பாமல் சொந்தமாக வணிக இன்சூரன்ஸ் பாருங்கள், ஊர் விதிகளையும் பாருங்கள். விஸ்கான்சினில் 2021-ல் மாநில அதிகாரிகள், இப்படி வாடகைக்கு விடும் வீட்டுக் குளம் பொதுக் குளத்துக்கான விதிகளுக்கு உட்பட்டது என்று சொல்லிவிட்டார்கள். பொதுக் குளம் என்றால் தண்ணீர் சோதனை முதல் அடியில் இருக்கும் வடிகால் மூடி வரைக்கும் எல்லாம் வேறு தரம்.

அந்த மூடியைப் பற்றி ஒரு வார்த்தை, எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும். 2002-ல், முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி ஒரு வெந்நீர்த் தொட்டியில் வடிகாலின் உறிஞ்சும் விசையில் சிக்கி இறந்தாள். வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் என்று 2007-ல் அவள் பெயரிலேயே வந்ததுதான் இன்றைய மூடிகளின் தரத்துக்குக் காரணம். அந்த மூடிகளுக்கு ஆயுட்காலம் உண்டு. பழைய வீடு வாங்கியிருந்தால், வேறு யாரையும் கூப்பிடும் முன் இதை ஒரு பூல் டெக்னீஷியனிடம் காட்டுங்கள்.

இலவசம், ஆனால் நேரமும் நிபந்தனையும் உண்டு: நான் தேர்ந்தெடுப்பது இது. வாரத்தில் ஒன்றிரண்டு மாலை, நாம் வீட்டில் இருக்கும் நேரம். அம்பிரெல்லா பாலிசி ஒன்று, அதாவது வீட்டு இன்சூரன்ஸின் வரம்பைத் தாண்டும் நஷ்ட ஈட்டுக்கான கூடுதல் பாலிசி, பத்து லட்சம் டாலருக்கு வருஷத்துக்குச் சில நூறு டாலரில் கிடைக்கும். அந்தச் செலவு நம்முடையது, அதைப் பிறர் தலையில் வைக்க வேண்டாம். நிபந்தனையில் மிக முக்கியமானது, கூட வரும் பெரியவர் நீச்சல் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியோடு பிள்ளைகளை அனுப்பிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாவம், அவர்களுக்கு நீச்சலும் தெரியாது, 911-க்கு அழைத்து முகவரி சொல்லவும் திணறுவார்கள். அப்புறம் வயிற்றுப்போக்கு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சரியான அளவு குளோரின் இருக்கும் தண்ணீரிலேயே ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும், ஆகவே வயிறு சரியில்லாத பிள்ளை வரவே கூடாது என்பதைக் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

தெரு வாட்ஸாப் குரூப்பில் போட வேண்டுமானால் இப்படிப் போடலாம், வேண்டியதை மாற்றிக்கொள்ளுங்கள்:

"சனிக்கிழமை சாயங்காலம் 5 முதல் 8 வரை எங்கள் பூல் திறந்திருக்கும், பசங்களைக் கூட்டிட்டு வாங்க. காசு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் நீச்சல் தெரிந்த ஒரு பெரியவர் கட்டாயம் கூட இருக்கணும், 15 நிமிஷத்துக்கு ஒருவர் முறை வைத்து ஃபோனை உள்ளே வைத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் பார்க்கணும். எண்ணெய் தேய்த்திருந்தால் வீட்டிலேயே குளித்துவிட்டு வரச் சொல்லுங்க. இரண்டு வாரத்துக்குள் வயிற்றுப்போக்கு இருந்திருந்தால் இந்தத் தடவை வேண்டாம், அடுத்த முறை வாங்க. மற்ற நாட்களில் கதவு பூட்டியிருக்கும், எங்களைக் கேட்காமல் யாரும் உள்ளே வரவேண்டாம். இடி மின்னல் என்றால் உடனே எல்லாரும் வெளியே."