உம்ராவுக்கு எந்த விசா: உம்ரா விசாவா, சுற்றுலா விசாவா?

வயதான உம்மா, வாப்பாவை அழைத்துக்கொண்டு உம்ராவுக்கு (சவூதியின் மக்காவுக்குப் போய்ச் செய்யும் வழிபாட்டுப் பயணம், ஹஜ் அல்ல) முதல்முறை போகிறவர்களுக்கு உம்ரா விசாதான் நிம்மதி. டிராவல்ஸ்காரரே விசா, ஹோட்டல், பஸ் எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். 30 நாளாக இருந்த தங்கும் காலத்தை 2022இல் 90 நாளாக்கினார்கள். ஆனால் ஒருமுறை நுழைவுதான். ஹஜ் காலத்துக்கு முன்பே வெளியேறிவிடவும் வேண்டும்.

சவூதி 2019 செப்டம்பரில் திறந்துவிட்ட சுற்றுலா விசா வேறு ரகம். ஓராண்டுக்கான பல நுழைவு விசாவில் மொத்தம் 90 நாள் வரை தங்கலாம். உம்ராவும் செய்யலாம், பழங்காலச் சின்னங்கள் உள்ள அல் உலா நகரையும் பார்த்துவரலாம். ஹோட்டல், வண்டி எல்லாம் நம் பொறுப்பு. இந்திய பாஸ்போர்ட் மட்டும் வைத்திருந்தால் ஆன்லைனில் உடனே கிடைத்துவிடாது. அமீரகம் (துபாய்), கத்தார் போன்ற வளைகுடா நாடுகளில் இகாமாவோடு (குடியிருப்பு அனுமதி) இருக்கும் நம்மவர்களுக்கு அது எளிது. அவர்கள் இதையே எடுக்கலாம் என்பேன்.

மதினாவில் ரவ்ளாவுக்குள் (நபியின் பள்ளிவாசலில் உள்ள சிறப்பிடம்) தொழ எந்த விசாக்காரரும் சவூதி அரசின் நுசுக் செயலியில் நேரம் பதிய வேண்டும். பெரியவர்கள் போனிலும் அதை முன்பே ஏற்றிவிடுங்கள்.

இரண்டில் எதை வைத்தும் ஹஜ் செய்ய முடியாது. ‘அங்கே போய்ப் பார்த்துக்கலாம்’ என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் அபராதம், நாடுகடத்தல்.