குதிகால் வலி: எம்.சி.ஆர். செருப்பா, சிலிக்கோன் ஹீல் கப்பா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்தினாற்போல் இருக்கிறதா? குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தசைநார்ப் பட்டை படுத்தும் பாடாக இருக்கலாம். கடைக்குப் போனால் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பா, ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் வைக்கும் சிலிக்கோன் கப்பா என்றுதான் குழப்பம்.

விலை: கப் பொதுவாக மலிவு. செருப்புக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

உழைப்பு: கப் வியர்வையில் பிசுபிசுக்கும், அடிக்கடி கழுவ வேண்டும். செருப்பைக் குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; ரப்பர் எழும்பி வராவிட்டால் மாற்றும் நேரம்.

வசதி: கப் ஷூவுக்குள்தான் நிற்கும். ஷூ போட்டுக்கொண்டு யார் தோசை சுடுகிறார்கள்? டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நிற்பதுதான் வலியைக் கிளப்புகிறது. அங்கே எம்.சி.ஆர்.தான். தொழுநோயிலும் சர்க்கரை நோயிலும் மரத்துப்போன பாதங்களைக் காக்கும் ரப்பர் அது. “வீட்டுக்குள்ள செருப்பா?” என்று அம்மா முறைத்தார். வெளியே போடாத தனி ஜோடி என்றதும் சரி என்றார்.

நாள் முழுக்க ஷூவில் இருப்பவருக்குக் கப் போதும். ஒரு கால் மட்டும் வலித்தாலும் இரண்டிலும் போடுங்கள். அடுப்படியில் நிற்பவருக்குச் செருப்பு. எதை வாங்கினாலும் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை விடாதீர்கள்.