மேலாளர்கள் டேஷ்போர்டைப் பயன்படுத்துகிறார்களா? கேள்வித்தாள், லாகின் பதிவு, திருத்தப் பதிவு

டேஷ்போர்டு மாதிரி, எண்களைத் திரையில் காட்டி முடிவெடுக்க உதவும் மென்பொருளை லட்சக்கணக்கில் கொட்டி வாங்கியாயிற்று. மேலாளர்கள் அதை உபயோகிக்கிறார்களா என்று பார்க்க, மூன்று வழிகள் உண்டு: கேள்வித்தாள், லாகின் பதிவு, மென்பொருள் சொன்ன எண்ணை மேலாளர் மாற்றியதைக் குறித்துவைக்கும் திருத்தப் பதிவு.

கேள்வித்தாள் மலிவு. ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989-ல் வகுத்த இரண்டு அளவுகோல்கள், 'பயன் தருகிறதா, எளிதாக இருக்கிறதா' என்பவை, இன்றும் பல படிவங்களில் அப்படியே வருகின்றன. சிக்கல், 'வாரத்துக்கு எத்தனை முறை?' என்ற கேள்வியில். எம்.டி. அலுவலகத்திலிருந்து வந்த படிவத்தில் யார் குறைத்து எழுதுவார்கள்? வாய்ஸ் மெயில் பயன்பாட்டை வைத்து டெட்மார் ஸ்ட்ராபும் சகாக்களும் 1995-ல் வெளியிட்ட ஆய்விலேயே, ஆட்கள் சொன்ன கணக்கும் கணினி பதிந்த கணக்கும் சரியாக ஒத்துப்போகவில்லை.

அப்படியானால் லாகின் பதிவு? எனக்கு இதில்தான் நம்பிக்கை மிகக் குறைவு. காலை மீட்டிங்கில் திறந்த திரை மாலைவரை அணையாமல் கிடந்தால் அது எட்டு மணி நேரப் பயன்பாடு. உதவியாளர் ஒருவர் எக்செலில் இறக்கிப் பத்துப் பேருக்கு மெயில் போட்டால், பதிவில் ஒரே ஒருவர்.

திருத்தப் பதிவு வேறு ரகம். மென்பொருள் 480 பெட்டி வாங்கச் சொல்கிறது. திட்டமிடுபவர் 600 ஆக்குகிறார். இரண்டு எண்ணையும் சேமித்து, பிறகு உண்மையில் விற்றதோடு ஒப்பிட வேண்டும். ராபர்ட் ஃபில்ட்ஸ் குழு 2009-ல் நான்கு நிறுவனங்களின் 60,000-க்கும் மேற்பட்ட விற்பனைக் கணிப்புகளை இப்படித்தான் அலசியது. பெரிய திருத்தங்கள் பெரும்பாலும் கணிப்பை மேம்படுத்தின. சின்னச் சின்னத் திருத்தங்கள் பலநேரம் கெடுத்தன. கூட்டிய திருத்தங்களைவிடக் குறைத்தவை நன்றாகப் பலித்தன. எந்த லாகின் எண்ணிக்கை இதைச் சொல்லும்?

குறையும் உண்டு. திருத்தமே இல்லையென்றால் அது நம்பிக்கையா, கண்ணை மூடிக்கொண்டு 'ஓகே' அழுத்தியதா என்று தெரியாது. திருத்தியதற்குக் காரணம் கேட்கும் கட்டம் வைத்தாலும் பலநேரம் 'மற்றவை' என்றே வரும்.

வாராவாரம் எடுக்கும் கொள்முதல், இருப்பு முடிவுகளுக்கு என் ஓட்டு திருத்தப் பதிவுக்கே. புது ஆலையை எங்கே வைப்பது என்பது மாதிரி எப்போதாவது வரும் முடிவுக்கு அது உதவாது, திரும்ப கேள்வித்தாள்தான். ஆனால் 'எத்தனை முறை' வேண்டாம், 'எதற்கு' என்று கேளுங்கள். டால், டார்க்சாதே என்ற இரு ஆய்வாளர்கள் 1998-ல் தந்த அளவுகோல் அதைத்தான் செய்கிறது: பிரச்சினையைத் தீர்க்கவா, எடுத்த முடிவுக்கு நியாயம் காட்டவா, மேலிடத்தோடு பேசவா என்று பிரித்துக் கேட்கிறது. ஆனால் படிவத்தில் பெயரைக் கேட்காதீர்கள்.